நியூகாசிலில் நோயாளி, லிவர்பூலில் வெறும் கைதி: கான்ஸ்டன்ஸ் லிட்டன் நிகழ்வு ஆய்வு

1909 அக்டோபரில், இங்கிலாந்தின் நியூகாசில் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஒரு பெண்ணின் இதயத்தை அதிகாரிகள் கவனமாகச் சோதித்து, அது பலவீனமாக இருப்பதாகக் கூறி, சில நாட்களிலேயே அவரை வெளியே அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்து, 1910 ஜனவரியில், லிவர்பூலின் வால்டன் சிறையில் உண்ணாவிரதம் இருந்த ஒரு பெண்ணுக்கு, இதயத்தைச் சோதிக்காமலே தொண்டை வழியாகக் குழாயை இறக்கி உணவு செலுத்தத் தொடங்கினார்கள். விடுதலை செய்வதற்குள் அது எட்டு முறை நடந்தது. முதலாமவர் முன்னாள் இந்திய வைஸ்ராயின் மகள். இரண்டாமவர் லண்டனைச் சேர்ந்த தையல் தொழிலாளி. இருவரும் ஒருவரே என்பதுதான் இந்த நிகழ்வு.

சிறையறைக்குள் நடந்தவற்றுக்கு அவரே எழுதிவைத்த சாட்சியம்தான் முதன்மையான ஆதாரம். அதன் சில பகுதிகளை அன்றைய அரசு மறுத்தது. அந்த மறுப்பையும் உரிய இடத்தில் சேர்த்திருக்கிறேன். சிறை மருத்துவர்களும் காவல் பெண்களும் இங்கே பெயரின்றியே வருகிறார்கள். தனிப்பட்ட ஒருவரின் குணத்தைவிட, அவர்கள் பின்பற்றிய நடைமுறையே இங்கு ஆராயத் தக்கது.

பின்னணி

கான்ஸ்டன்ஸ் லிட்டன் 1869ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தார். அவருடைய தந்தை ராபர்ட் லிட்டன் 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்ததால், சிறுமியாக அவர் இந்தியாவில் வளர்ந்தார். தமிழ் வாசகர்களுக்கு அந்த ஆண்டுகளை நினைவூட்ட வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியதும், அதே வேளையில் 1877 ஜனவரி முதல் நாள் டெல்லியில் தர்பார் கூடியதும், நிவாரண வேலை செய்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலி நிர்ணயிக்கப்பட்டதும் லிட்டன் ஆட்சியில்தான். பிறருடைய பசியை அளந்து படி கொடுத்த அரசாங்கத்தின் உச்சியில் இருந்தவருடைய மகள், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன் பசியையே அரசுக்கு எதிரான ஆயுதமாக எடுத்தார் என்பதை, தமிழ்நாட்டிலிருந்து இந்த வரலாற்றைப் படிக்கும் ஒருவரால் எளிதில் கடந்துபோக முடியாது.

நாற்பது வயதை நெருங்கும்வரை அவர் அரசியலில் இல்லை. திருமணம் செய்துகொள்ளாமல், விதவைத் தாய்க்குத் துணையாக ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வாழ்ந்தார். கூச்ச சுபாவம் உடையவர், இறைச்சி உண்ணாதவர், இதயக் கோளாறு அவருக்கு ஏற்கெனவே இருந்தது. 1908இல் லிட்டில்ஹாம்ப்டன் என்னும் கடற்கரை ஊரில், உழைக்கும் இளம்பெண்களுக்கான விடுமுறை இல்லத்தில், எம்மலின் பெத்திக் லாரன்ஸையும் ஆலைத் தொழிலாளியாக இருந்து தலைவராக உயர்ந்த ஆனி கென்னியையும் சந்தித்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1903இல் எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கத்தின் முன்னணியினர் அவர்கள். சங்கத்தின் கோரிக்கையை அவர் ஒப்புக்கொண்டார், வழிமுறைகளை ஒப்புக்கொள்ளவில்லை.

அதே ஊரில் ஒரு நாள், கசாப்புக்காக ஓட்டிச் செல்லப்பட்ட வயதான செம்மறியாடு ஒன்று தெருவில் தள்ளாடி நிற்பதையும், சுற்றி நின்ற கூட்டம் அதைப் பார்த்துச் சிரிப்பதையும் அவர் கண்டார். பெண்களைச் சமுதாயம் பார்க்கும் பார்வை அந்தச் சிரிப்பில் தனக்குப் புலப்பட்டது என்று பின்னாளில் எழுதினார். 1909 ஜனவரியில் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

நிகழ்வைப் புரிந்துகொள்ளச் சிறை நடைமுறை பற்றிய ஒரு செய்தி தேவை. ஆங்கிலேயச் சிறைகளில் கைதிகள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். சொந்த உடை, புத்தகம் போன்ற சலுகைகள் முதல் வகுப்பில் மட்டுமே உண்டு; சாதாரணக் குற்றவாளிகள் மூன்றாம் வகுப்பில் அடைக்கப்பட்டனர். தங்களை அரசியல் கைதிகளாக ஏற்று முதல் வகுப்பில் வைக்க வேண்டும் என்பது வாக்குரிமைப் போராளிகளின் கோரிக்கை. அதற்காக 1909 ஜூலையில் மரியன் வாலஸ் டன்லப் லண்டனின் ஹாலோவே சிறையில் முதன்முதலாக உண்ணாவிரதம் இருந்தார். 91 மணி நேரத்தில் அவரை விடுவித்தார்கள். மற்றவர்களும் அதைப் பின்பற்றவே, செப்டம்பரில் பர்மிங்காம் சிறையில் வலுக்கட்டாயமாக உணவு செலுத்தும் முறையை அரசு தொடங்கியது.

முதல் இரண்டு சிறைவாசங்களில் அவர் கண்டது

1909 பிப்ரவரி 24 அன்று, நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கச் சென்ற பெண்கள் குழுவில் கைதாகி, ஒரு மாதத் தண்டனையோடு ஹாலோவே சென்றார். உடன் வந்தவர்கள் சிறையறைகளுக்குப் போக, அவரை மட்டும் இதய நோயைக் காட்டி மருத்துவப் பகுதியில் வைத்துக்கொண்டார்கள். அக்கறையாகத் தோன்றும் இந்தச் செயலே அவரை உறுத்தியது. தன்னைவிட உடல்நலம் குன்றிய பெண்கள் அறைகளில் கிடக்க, தனக்கு மட்டும் படுக்கை ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

தன்னையும் அறைக்கு மாற்றச் செய்ய அவர் தேர்ந்தெடுத்த வழி எளிதில் ஜீரணிக்கக் கூடியது அல்ல. 'பெண்களுக்கு வாக்கு' என்னும் ஆங்கில முழக்கத்தை நெஞ்சில் தொடங்கிக் கன்னத்தில் முடியும்படி தன் தோலில் கீறிக்கொள்ளத் தீர்மானித்து, இதயத்துக்கு மேலே 'வி' என்ற முதல் எழுத்தை ஊசிமுனையால் கீறிவிட்டார். காயத்தைக் கண்ட மருத்துவர்கள் கட்டுப்போட்டார்கள். பின்னர் அவர் அறைக்கு மாற்றப்பட்டார். இதை வெறும் ஆவேசமாகக் கருதினால் அடுத்து வரும் முடிவு விளங்காது. எந்த இதயத்தைக் காரணம் காட்டித் தன்னை மற்றவர்களிடமிருந்து பிரித்தார்களோ அந்த இடத்தின் மேலேயே அவர் எழுதத் தொடங்கினார்.

இரண்டாவது கைது 1909 அக்டோபரில், நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் நியூகாசிலுக்கு வந்தபோது நடந்தது. காகிதம் சுற்றிய கல்லை ஒரு மோட்டார் காரின்மேல் எறிந்துவிட்டுக் கைதானார். சிறையில் உண்ணாவிரதம் தொடங்கியதும் அவருடைய இதயம் சோதிக்கப்பட்டது. உணவு செலுத்தாமல் விடுவித்தார்கள். புகழ்பெற்ற பத்திரிகையாளர் ஒருவரின் மனைவியான ஜேன் பிரெய்ல்ஸ்ஃபோர்டையும் அவ்வாறே விடுவித்தார்கள். அதே போராட்டத்தில் கைதாகி அதே சிறையில் உண்ணாவிரதம் இருந்த, பெயரும் பின்புலமும் இல்லாத பெண்களுக்குக் குழாய் இறங்கியது.

அதிகாரிகளின் விளக்கம் மருத்துவக் காரணம் என்பதே. தனித்தனியாகப் பார்த்தால் மறுக்க முடியாத விளக்கம். அவருக்கு இதய நோய் இருந்தது உண்மை. மற்றவர்களின் இதயமும் அதே கவனத்தோடு சோதிக்கப்பட்டதா என்பதைத்தான் வெளியிலிருந்து யாராலும் அறிய முடியவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

1909 டிசம்பரில், பிரதமர் ஆஸ்க்வித்தின் காருக்குள் காலிப் புட்டி ஒன்றை எறிந்ததற்காக செலினா மார்ட்டினும் அவருடைய தோழியும் லிவர்பூலில் கைதானார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே, விசாரணைக் கைதிகளாக இருந்த நிலையிலேயே, வால்டன் சிறையில் அவர்களுக்கு வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டது. அவர்கள் அளித்த வாக்குமூலம் வெளியே வந்தது. பெரிய அசைவு எதுவும் ஏற்படவில்லை. சொன்னவர்கள் சாதாரணப் பெண்கள், மறுத்தது அரசு.

இந்த இடத்தில்தான் கான்ஸ்டன்ஸ் தன் உடலையே சோதனைப் பொருளாக்க முடிவு செய்தார். நோய் அதே நோயாக, செயல் அதே செயலாக இருக்கட்டும், பெயர் மட்டும் மாறினால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜோன் ஆஃப் ஆர்க்கின் நினைவாக ஜேன் என்ற பெயரையும், உறவினர் ஒருவரின் குடும்பப் பெயரைச் சுருக்கி வார்ட்டன் என்ற பெயரையும் சேர்த்து, 'ஜேன் வார்ட்டன், தையல் தொழிலாளி' என்று சங்கத்தில் புதிதாகப் பதிவு செய்துகொண்டார். தலைமுடியை வெட்டி, மூக்குக்கண்ணாடி மாட்டி, மலிவான உடையும் பொருந்தாத தொப்பியும் வாங்கி அணிந்தார். அழகில்லாத பெண்களைச் சிறையில் கூடுதலாக ஏளனம் செய்வதைக் கவனித்திருந்ததால், அழகற்றவளாகத் தோன்ற வேண்டும் என்பதையும் திட்டத்தில் சேர்த்தார்.

1910 ஜனவரி 14 அன்று, வால்டன் சிறைக்கு வெளியே நடந்த கூட்டத்தில் பேசி, மக்களைச் சிறை ஆளுநரின் வீட்டுக்குத் திரட்டிச் சென்று, கைது உறுதியாவதற்காகச் சில கற்களை வீசினார். அவர் தனியாகப் போகக் கூடாது என்று எல்சி ஹோவி என்ற போராளி ஒரு கண்ணாடியை உடைத்துத் தானும் கைதானார். ஜேன் வார்ட்டனுக்கு மூன்றாம் வகுப்பில் 14 நாள் சிறை.

வால்டன் சிறையில்

ஜனவரி 18 மாலை, உண்ணாவிரதத்தின் நான்காம் நாளில், மூத்த மருத்துவரும் காவல் பெண்களும் அறைக்குள் வந்தார்கள். நாடியையும் இதயத்தையும் பார்க்கவில்லை என்று அவர் எழுதுகிறார். பலகைக் கட்டிலில் படுக்கவைத்துக் கையையும் காலையும் தலையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பற்களைக் கடித்துக்கொண்டு அவர் வாயைத் திறக்க மறுத்ததால் மரக் கருவியை விட்டுவிட்டு எஃகுக் கருவியைச் செலுத்தினார்கள். திருகத் திருகத் தாடைகள் இயல்புக்கு மீறி விரிந்து நின்றன. தொண்டைக்குப் பெரிதாகத் தோன்றிய, ஏறத்தாழ நான்கு அடி நீளமுள்ள குழாய் உள்ளே இறங்கியது; புனல் வழியாகத் திரவ உணவு வேகமாக ஊற்றப்பட்டது. சில நொடிகளில் வாந்தி வந்தது. உடல் தன்னால் வளைய முயன்றபோது தலையைப் பின்னுக்கு அழுத்தினார்கள்; மருத்துவர் முழங்கால்களின்மேல் சாய்ந்துகொண்டார். முடிந்ததும், போகிற போக்கில் மருத்துவர் அவருடைய கன்னத்தில் லேசாக ஓர் அறை விட்டார்.

தலைமுடியிலும் உடையிலும் சுவரிலும் வாந்தி. மாற்று உடை கேட்டதற்கு, நேரமாகிவிட்டது, அலுவலகம் மூடிவிட்டது என்று பதில் வந்தது. காலைவரை அப்படியே கிடந்தார். சிறிது நேரத்தில் அடுத்த அறையிலிருந்து அதே சத்தங்கள் கேட்டன. அங்கே எல்சி ஹோவி. தனக்கு நடந்ததைவிட அதைக் கேட்டுக்கொண்டிருந்ததே கடினமாக இருந்தது என்று எழுதியிருக்கிறார். எல்லாம் அடங்கிய பிறகு சுவரைத் தட்டி, 'பணிய மாட்டோம்' என்று குரல் கொடுத்தார். மறுபக்கத்திலிருந்தும் அதே குரல் வந்தது.

அடுத்தடுத்த முறைகளில், வாந்தி எடுத்தால் இரண்டாம் தடவையும் ஊட்டுவேன் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது. ஒரு முறை உணவு செலுத்திய பிறகு அவருக்கு நடுக்கம் ஏற்படவே, இளைய மருத்துவர் ஒருவரை வரவழைத்து இதயத்தைக் கேட்கச் சொன்னார்கள். அவர் நொடிப்பொழுது காது கொடுத்துவிட்டு, அருமையான இதயம், தொடரலாம் என்று உற்சாகமாகச் சான்று அளித்தார். நியூகாசிலில் ஆபத்தானதாக இருந்த அதே இதயம். சோதனையின் முடிவு இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. இதைப் படிக்கும் எந்த மருத்துவ மாணவரும் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த இளைய மருத்துவர் பொய் சொன்னார் என்று கருத இடமில்லை. என்ன கேட்கப் போகிறோம் என்பதைக் கேட்பதற்கு முன்பே அவர் முடிவு செய்திருந்தார் என்பதே என் கணிப்பு.

எட்டாவது முறைக்குப் பின், கைதி யார் என்ற ஐயம் வெளியே பரவியிருந்த நிலையில், ஜனவரி 23 ஞாயிறன்று அவரை விடுவித்தார்கள். சகோதரி வந்து அழைத்துச் சென்றார்.

தொடர்ந்தவை

அவருடைய சகோதரர் லிட்டன் பிரபு இதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். ஜனவரி 31 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில் கான்ஸ்டன்ஸ் தானே எழுந்து நடந்ததைச் சொன்னார். உள்துறை அமைச்சகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. முந்தைய விடுதலைக்குக் காரணம் முழுக்க முழுக்க மருத்துவம்தான், அந்தஸ்து அல்ல என்றும், வால்டனில் அவர் மருத்துவச் சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்றும் கூறியது. மருத்துவக் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல மறுத்தது உண்மைதான். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாத கைதியின் நாடியைப் பிடித்துப் பார்க்க யாருடைய அனுமதியும் தடையாக இருந்திருக்க முடியாது. நான்கு பேர் அவரை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

1910 மார்ச்சில், புதிய உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில், நேர்மையின்மை, கொடுமை போன்ற இழிகுற்றம் செய்யாத கைதிகளுக்குச் சிறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் புதிய விதியைக் கொண்டுவந்தார். அதற்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. அதே ஆண்டில், சொத்துள்ள பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் சமரச மசோதாவுக்காக அமைந்த குழுவுக்கு லிட்டன் பிரபு தலைமையேற்றார். மசோதா சட்டமாகவில்லை. நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற பெண்களைக் காவலர்கள் மணிக்கணக்கில் தாக்கினார்கள். வலுக்கட்டாய உணவூட்டலும் பின்னர் மீண்டும் தலைதூக்கியது. 1913இல், மெலிந்த கைதியை விடுவித்து, தேறியதும் மறுபடி பிடிக்கும் 'பூனை–எலிச் சட்டம்' வந்தது.

கான்ஸ்டன்ஸின் உடல்நிலை திரும்பவில்லை. 1910 இலையுதிர் காலத்தில் இதய நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தார். அப்படியும் 1911 நவம்பரில் தபால் நிலையக் கண்ணாடி ஒன்றை உடைத்து மீண்டும் ஹாலோவே போனார். 1912 மே மாதம் பக்கவாதம் தாக்கி வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகி, தன் சிறை அனுபவங்களை முழுமையாக எழுதி 1914இல் வெளியிட்டார். அட்டையில் ஆசிரியர் பெயராக கான்ஸ்டன்ஸ் லிட்டன், ஜேன் வார்ட்டன் ஆகிய இரண்டு பெயர்களையும் போட்டார். 1918இல் முப்பது வயதைக் கடந்த, சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது அவர் தாயின் வீட்டில் நோயாளியாக இருந்தார். 1923 மே 2 அன்று, 54ஆம் வயதில் இறந்தார். ஆண்களுக்கு நிகரான வாக்குரிமை 1928இல்தான் வந்தது.

வால்டனில் செலுத்திய குழாயே பக்கவாதத்துக்குக் காரணம் என்று சொல்லிவிடுவது சான்றுக்கு மீறியது. நோய் முன்பே இருந்தது. அந்த நோயுள்ள ஒருவருக்கு அது எட்டு முறை செய்யப்பட்டது என்பது மட்டும் உறுதி.

மாறியிருக்க வேண்டியவை

சோதனையாகப் பார்த்தால் இதில் ஓட்டைகள் உண்டு. நியூகாசிலும் லிவர்பூலும் வெவ்வேறு சிறைகள், மருத்துவர்களும் வேறு. வேறுபாட்டுக்குப் பெயர் மட்டுமே காரணம் என்று நிறுவ, புறப்படும் முன் சுதந்திரமான மருத்துவர் ஒருவரிடம் இதயத்தைச் சோதித்து, அறிக்கையை முத்திரையிட்டு நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்திருக்கலாம். மருத்துவக் கேள்விகளுக்கு மட்டுமாவது பதில் சொல்லியிருந்தால் அரசுக்கு அந்த மறுப்பு வாய்த்திருக்காது. இவற்றைச் சொல்லும்போதே, உயிரைப் பணயம் வைத்த ஒருவரிடம் இன்னும் கச்சிதமான சான்று கேட்பது எவ்வளவு எளிது என்பதும் மனத்தில் உறுத்துகிறது.

போராட்டத்தின் தரப்பில் மாறியிருக்க வேண்டியது வேறொன்று. ஜேன் வார்ட்டனின் துன்பத்தை நாடு கேட்டதற்குக் காரணம், அவர் ஜேன் வார்ட்டன் அல்ல என்று தெரியவந்ததுதான். ஒரு மாதம் முன்பு அதே சிறையிலிருந்து செலினா மார்ட்டின் ஏறத்தாழ இதையே சொன்னார். அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு விசாரணை எதுவும் நடக்கவில்லை. சிறைக்குள் இருந்த பாகுபாட்டை அம்பலப்படுத்தச் சென்றவருடைய வெற்றியே, சிறைக்கு வெளியிலும் அதே பாகுபாடு இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. கான்ஸ்டன்ஸ் இதை உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தையல் தொழிலாளியின் பெயரை அட்டையில் விட்டுவிடாமல் வைத்ததற்கு வேறு காரணம் தெரியவில்லை.

மருத்துவர்களின் தரப்பில், தெளிந்த மனநிலையோடு உணவை மறுக்கும் கைதிக்குச் செயற்கையாக உணவு செலுத்தக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் டோக்கியோவில் அறிவித்தது 1975இல். வால்டனுக்கு 65 ஆண்டுகள் கழித்து. அந்த நெறி இல்லாத 1910இலும், குழாயைக் கையில் எடுக்கும் முன் ஒரு நிமிடம் இதயத்தைக் கேட்பது எல்லா மருத்துவருக்கும் தெரிந்த வேலையாகவே இருந்தது. நியூகாசிலில் அதைச் செய்தார்கள்.